மருந்தும் எலும்பும்

எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவோரின் எலும்பு ஏன் தேய்கிறது? விடை தேடி முக்கொம்பு வரை போவோம், வாருங்கள்.

ஸ்ரீரங்கம் தீவுக்கு மேற்கே அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தாழ்ந்த கொள்ளிடத்தில் நீரெல்லாம் ஓடிவிடாமல் தடுக்க 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்டில் அதன் மதகுகள் சில உடைந்து, நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது நினைவிருக்கும். நம் சிறுநீரகத்திலும் இத்தகைய அணை உண்டு. (இயற்பியல் ஆசிரியனுக்கு இந்த உவமைதான் எளிது!) இரத்தத்திலிருந்து வடியும் பாஸ்பேட்டை நுண்குழல்கள் மீண்டும் இரத்தத்திற்கே திருப்புகின்றன. எலும்பு உறுதிபெறக் கால்சியத்தோடு பாஸ்பேட்டும் வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாயிற்று. பின்னர் திருச்சிக்கும் வந்தது. தொடக்கத்தில் தந்த ஸ்டாவுடின் கன்னங்களை ஒட்டவைத்தது, கால் நரம்புகளைக் கெடுத்தது. அதனிடத்தில் டெனோபோவிர் வந்தது. நல்ல மருந்துதான், ஆனால் நுண்குழல்களின் உயிரணுக்களில் தேங்குகிறது. சிலருக்கு மதகு பழுதாகிப் பாஸ்பேட் சிறுநீரில் போய்விடுகிறது. எலும்பு தன் இருப்பை இழக்கிறது.

எந்தக் கூட்டு மருந்தானாலும், தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் குறையக்கூடும். டெனோபோவிர் சேர்ந்தால் சற்று அதிகம். பிறகு பெரும்பாலும் நிலைப்படுகிறது.

மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் என்ன என்பீர்கள். ‘ஸ்மார்ட்’ என்ற பன்னாட்டு ஆய்வில் அதையே செய்து பார்த்தார்கள். எலும்புத் தேய்வு குறைந்தது. ஆனால் நோயும் சாவும் மிகுந்தன. 2006-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதுவகை டெனோபோவிர், பெரும்பாலும் உயிரணுவுக்குள் சென்ற பின்னரே செயல்படும் மருந்தாக மாறுகிறது. இரத்தத்தில் சிறிதளவே இருப்பதால் சிறுநீரகத்தையும் எலும்பையும் அவ்வளவாகத் தாக்குவதில்லை.