இரும்பிற் பதிந்த ஆட்சி: அயர்லாந்தின் ஆயுதப் பதிவுக் குறிகள்

பழைய அயர்லாந்துத் துவக்குகள் சிலவற்றின் குழலிலோ விசைக்காப்பிலோ ஓரிரு எழுத்துக்களும் அவற்றையடுத்து ஓர் எண்ணும் அடிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். எழுத்துக்கள் கவுண்டியையும், எண் அக்கவுண்டியின் பதிவேட்டில் அத்துவக்குப் பெற்ற இடத்தையும் சுட்டுவன. பழம்பொருள் சேகரிப்போர் இவற்றைப் பெரும்பாலும் விலையை உயர்த்தும் அடையாளமாகவே கருதுகின்றனர். ஆயின், ஒரு குடியேற்ற அரசு தன் குடிகளை எவ்வாறு நோக்கியது என்பதற்கு இதனினும் நேரடியான சான்று கிடைத்தல் அரிது.

இக்குறிகளை வேறு இருவகை அடையாளங்களினின்றும் பிரித்தறிதல் வேண்டும். இலண்டன், பேர்மிங்காம் ஆகிய இடங்களிற் குழலின் வலிமையைச் சோதித்து இடப்பட்ட முத்திரைகள் ஒருவகை. டப்ளின் நகரத்து றிக்பி போன்ற கம்மியர் தம் உற்பத்திக்கு இட்ட தொடரெண்கள் மற்றொருவகை. இவையிரண்டும் பொருளைப் பற்றியன. பதிவுக் குறியோ பொருளை வைத்திருந்தவனைப் பற்றியது.

இதன் பின்னணி நீண்டது. 1695 ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. 1793 இல் அத்தடை தளர்ந்தபோதும், உரிமை சொத்துடையோருக்கே கிட்டியது. ஆயுதங்களைப் பதியும் கடப்பாட்டை 1796 ஆம் ஆண்டுக் கிளர்ச்சித் தடைச் சட்டம் விதித்தது. 1807 இலும் பின்னரும் ஆயுதச் சட்டங்கள் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டன. எனினும், துவக்கின் உலோகத்திலேயே அரசின் குறியை அடிக்கும் ஏற்பாடு 1843 ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே வந்தது.

அவ்வாண்டு தற்செயலானதன்று. இங்கிலாந்துடனான ஒன்றிணைப்பை நீக்கக் கோரி டானியல் ஓகொனல் மாபெருங் கூட்டங்களை நடாத்திய ஆண்டு அது. ஆகஸ்ட் 15 ஆம் திகதி தாராக் குன்றிற் பெருந்திரளான மக்கள் கூடினர். அதே மாதத்திற் சட்டம் நிறைவேறியது. ஒக்டோபரிற் குளொன்டாவ் கூட்டம் தடைசெய்யப்பட்டது. பீல் அரசாங்கத்தின் சார்பில் எலியட் பிரபு முன்வைத்த மசோதா, பாராளுமன்றத்திற் பல வாரங்கள் கடுமையாக எதிர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் இத்தகைய குறியிடல் இருக்கவில்லை. ஒரே முடியின் கீழ் இருவகைக் குடிகள் என்பதே எதிர்த்தோரின் வாதத்தின் சாரம்.

வீடுகளைத் தாக்கிக் கவர்ந்து செல்லப்படும் ஆயுதங்களை இனங்காணவே குறி என்பது அரசு தரப்பு நியாயம். அது முற்றிலும் பொய்யன்று. அத்தகைய கொள்ளைகள் உண்மையிலேயே நடந்தன. ஆனால், யார் துவக்கு வைத்திருக்கலாம் என்று தீர்மானித்தோர் சமாதான நீதவான்கள். அவர்களிற் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்த நிலவுடைமையாளர். சட்டத்தின் சொற்கள் சமயப் பாகுபாடு கூறாதிருப்பினும், அதன் கை எப்பக்கம் நீண்டிருக்கும் என்பது விளக்கம் வேண்டாதது.

ஆய்வாளர் இங்கு அவதானமாயிருத்தல் வேண்டும். குறி துவக்கு செய்யப்பட்ட காலத்தைக் காட்டாது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சக்கிமுக்கிக்கல் துவக்கும் 1843 இன் பின் குறி பெற்றிருக்கலாம். குறியின்மை மாத்திரம் ஒரு துவக்கைக் களவாக மறைக்கப்பட்டதாக ஆக்கிவிடாது. அது 1843 இன் முன் நாட்டைவிட்டு நீங்கியிருக்கலாம், அல்லது சட்டம் காலாவதியான பின் வந்திருக்கலாம். இரகசிய விவசாயக் குழுக்களைச் சேர்ந்தோன் தன் துவக்கை அரச முத்திரைக்கு நீட்டியிருப்பான் எனக் கொள்ளல் கடினம். ஆதலாற் குறிபெற்ற துவக்குகள் தரும் வரைபடம் பணிந்தோரின் வரைபடமே.

சட்டத்தின் ஆயுள் குறுகியது. 1846 ஆகஸ்டில் றசல் அரசாங்கம் அதனை நீடிக்க முயன்று, எதிர்ப்பினாற் கைவிட்டது. உருளைக்கிழங்குப் பயிர் இரண்டாம் முறையாக அழிந்துகொண்டிருந்த வேளை அது. கட்டுப்பாடு நீங்கியதும் துவக்கு விற்பனை பெருகியது. பஞ்சத்திற் பட்டினி கிடந்த நாட்டிற் சிலர் துவக்கு வாங்கினர் என்பது ஆட்சியாளருக்கு நன்றிகெட்ட செயலாகத் தோன்றியது. நிலத்தினின்று வெளியேற்றப்படும் அச்சத்தில் வாழ்ந்த குத்தகைக்காரனின் கணக்கு வேறாயிருந்திருக்கும். 1847 டிசெம்பரில், பிரகடனஞ் செய்யப்பட்ட மாவட்டங்களில் ஆயுதம் வைத்திருத்தலைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் வந்தது.

1922 ஜூன் 30 ஆம் திகதி டப்ளின் நான்கு நீதிமன்ற வளாகத்திலிருந்த பொதுப் பதிவேட்டுக் காப்பகம், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் எரிந்தழிந்தது. உள்ளூர் நிருவாகத்தின் ஏராளமான ஏடுகள் அதனுடன் சாம்பராயின. ஏடு எஞ்சாத கவுண்டியில் ஓர் எண்ணுக்குரியவன் யார் என அறிய வழியில்லை. எண் மாத்திரம் துவக்கிலே கிடக்கின்றது.