மீனிலும் வரி கேட்ட ஊர்

இன்று ஸ்காட்லாந்து நாட்டின் தென்கிழக்குக் கரைக்குப் போய் வருவோம். அங்கே ஐமௌத் என்று ஒரு சிறு துறைமுகம் இருக்கிறது. 'ஐ' என்னும் சிற்றாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் என்பதே அப்பெயரின் பொருள். ஊர் சிறியதுதான். ஆனால் அதன் கதை பெரியது.

கடலில் உயிரைப் பணயம் வைத்து மீன் பிடிப்பவர் ஒருவர். அந்த மீனில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பவர் வேறொருவர். அக்காலத்தில் ஐமௌத் மீனவர்கள் தேவாலயப் பாதிரியாருக்கு இவ்வாறு தசமபாகம் செலுத்த வேண்டியிருந்தது. நிலத்துக்கு வரி கேட்டால் புரியும். அலைக்கும் வரி உண்டோ? மீனவர்கள் தர மறுத்தார்கள். வில்லியம் ஸ்பியர்ஸ் என்னும் மீனவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். போராட்டம் நீண்டது. முடிவில் 1864-ஆம் ஆண்டு, 2,000 பவுன் கொடுத்து அந்த வரியிலிருந்து மீனவர்கள் விடுதலை பெற்றார்கள்.

விடுதலை கிடைத்தது, ஆனால் கடன் சுமை ஏறியது. ஊரின் துறைமுகமோ குறுகலானது. வடியும் நேரத்தில் படகுகள் உள்ளே வர முடியாது. வாயிலில் பாறைகளும் உண்டு. கடன் சுமையால் அதைச் சீர்செய்வது தள்ளிப்போயிற்று என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

1881, அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. பல நாள் புயலால் கடலுக்குப் போகாதவர்கள் மீனவர்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! காற்றழுத்தமானி தாழ்ந்திருந்தும், காலை அமைதியாக இருந்ததால் புறப்பட்டார்கள். நண்பகலில் புயல் திடீரெனப் பாய்ந்தது. கரையோரத்து ஊர்களில் 189 மீனவர்கள் மாண்டார்கள். அவர்களில் 129 பேர் ஐமௌத்தைச் சேர்ந்தவர்கள். சில படகுகள் துறைமுக வாயிலிலேயே, மனைவி மக்கள் கண்ணெதிரே நொறுங்கின.

உதவி நிதிக்கு மக்கள் ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல் அளித்தார்கள். ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. நூறாண்டு கழித்து, 1981-இல், அவ்வூர்ப் பெண்கள் அந்த நாளை ஒரு பெரிய திரைச்சீலையில் நூலால் தைத்து வைத்தார்கள்.

உள்ளூர் நிர்வாகமும் மாறியது. 1975-இல் ஊருக்கென இருந்த நகர மன்றம் கலைக்கப்பட்டு, பெரிய வட்டாரத்தோடு சேர்க்கப்பட்டது.

நேயர்களே, உழைப்பவரின் பணம் எங்கே போகிறது, அவர் உயிரைக் காக்கும் காரியத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குக் கேட்பது அவசியம். ஐமௌத்தின் கதை நமக்கு உணர்த்துவது அதுவே.