கூத்துக்கு நாள் குறித்தவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. வைகாசித் திருவிழாவில் ஆட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. காமரசவல்லிக் கோயிலில் சாக்கைக் கூத்துக்கு மார்கழித் திருவாதிரையும் வைகாசித் திருவாதிரையும் நாள், ஆடுகிறவருக்கு நிலம். ஆடியவர் யார், எந்த நாளில், என்ன கூலிக்கு என்ற மூன்றுக்கும் சோழர் காலக் கூத்தில் கல் சாட்சி சொல்கிறது. திருத்தணி மலையைச் சுற்றி, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று ஆந்திர எல்லை வரை விரிந்து கிடக்கும் ஊர்களின் தெருக்கூத்தை நாம் அறிவது அப்படி ஒரு கல்லை வைத்து அல்ல. அதற்கு மானியம் எழுதிவைத்த அரசன் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் எந்த ஊரில், எந்த இரவில், எந்தக் கூத்து என்பது தவறாமல் முடிவாகி வந்திருக்கிறது. அதை முடிவு செய்தவர்கள் கூலி வாங்காத ஊர்க்காரர்கள். தெருக்கூத்தின் வரலாற்றில் ஆட்டத்தைக் கற்றுத்தரும் வாத்தியாருக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் வாதம்.

கலைஞர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்றவர்கள் இல்லையென்றால் இந்தக் கலை நகரத்துக் கண்ணில் பட்டிருக்காது. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1970களில் அதை நவீன நாடகக்காரர்களிடம் கொண்டுபோனதும், 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியதும் உரிய மதிப்போடு எழுதப்பட்டுவிட்டன. எழுதப்படாதது ஆட்டத்துக்கு முந்தைய வேலை. ஆட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஆடச் சொல்லி வெற்றிலைபாக்கு வைக்க ஒரு ஊர் வந்தால்தான் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, அடுத்த வேளை சோறு.

ஊரில் பாரதம் வைப்பது என்றால் என்னவென்று பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். திரௌபதி அம்மன் கோயிலில், இந்த வட்டாரத்தில் பல இடங்களில் தர்மராஜா கோயில் என்பார்கள், கொடியேற்றிக் காப்புக் கட்டினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. முழுமையாக நடந்தால் 18 நாள். பிரசங்கியார் பகலில் சொன்ன கதையை இரவில் ஜமா ஆட வேண்டும். சொல்லும் ஆட்டமும் ஒன்றையொன்று விட்டு விலகக் கூடாது. வில்லிபுத்தூரார் பாரதம் பதினெட்டாம் போரோடு நின்றுவிடும்; விழாவும் ஏறக்குறைய அங்கேதான் உச்சத்துக்கு வருகிறது. இடையில் சில கதைகள் பந்தலுக்குள் அடங்காது. பகாசுரனுக்குச் சோற்று வண்டி தெருத் தெருவாகப் போக வேண்டும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டு, வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே ஏற வேண்டும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், அன்று மாலை தீமிதி, பிறகு தர்மர் பட்டாபிஷேகம். மரம், மண், விறகு, வண்டி, ஜமாவுக்குச் சாப்பாடு, பிரசங்கியாருக்குத் தங்க இடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு நாள். ஒரு நாள் தள்ளினால் எல்லாம் தள்ளும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு தாளில் அடங்குகிறது. ரோஸ் அல்லது மஞ்சள் நிறத்தில் மலிவான தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். மேலே அம்மன் படம், அடியில் "மகாபாரத அக்னி வசந்த விழா" என்ற தலைப்பு. அதற்கும் கீழே கட்டம் கட்டமாகத் தமிழ் மாதத் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, பகல் சொற்பொழிவு, இரவு நாடகம், கடைசிக் கட்டத்தில் உபயதாரர். "இரவு: கர்ண மோட்சம்" என்ற வரிக்கு எதிரே ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறதென்றால், அந்த இரவின் செலவை அந்தக் குடும்பம் ஏற்றிருக்கிறது என்று அர்த்தம். மீதிச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் தலைக்கட்டு வரி. நோட்டீசை வெறும் அறிவிப்பு என்று கடந்துவிடுகிறோம். உண்மையில் அது ஊருக்கும் ஜமாவுக்கும், குடும்பத்துக்கும் கோயிலுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தைகளின் முடிவுப் பத்திரம். அச்சகத்துக்குப் போகும் முன் விழாக்குழு எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்!

இங்கே ஒரு மறுப்பு எழும். நாளைக் குறிப்பது பஞ்சாங்கம்தானே, குழுவுக்கு அதில் என்ன வேலை? நட்சத்திரத்துக்கோ திதிக்கோ கட்டுப்பட்ட விழாவுக்கு இது பொருந்தும். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்று யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. பெங்களூரு தர்மராயர் கோயில் கரகத் திருவிழா சைத்ர மாதப் பௌர்ணமி. ஒரு நகரம், ஒரு நாள். திருத்தணி மலையில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய திருப்படி விழாவையும் பாருங்கள். டிசம்பர் 31 இரவு, ஆண்டின் நாள்களுக்கு ஈடாகச் சொல்லப்படும் 365 படிகளில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். பஜனைக் கோஷ்டிகள் தாமாகவே வந்து சேர்கின்றன. நாள் ஆங்கில நாள்காட்டியில் முன்பே இருக்கிறது. திரௌபதி அம்மன் விழா அப்படிப்பட்டதல்ல. ஊருக்கு ஊர் சித்திரையிலிருந்து ஆடி வரை அது நகர்கிறது. நல்ல ஜமாக்கள் சில, கேட்கும் ஊர்கள் பல என்றால் எல்லா ஊரும் ஒரே வாரத்தில் கொடியேற்ற முடியாது. பஞ்சாங்கம் மாதத்தையும் ஆகாத நாளையும் சொல்லும். பக்கத்து ஊர்த் தீமிதி என்றைக்கு, ஜமா அதற்கு முந்தைய இரவு எங்கே, அறுவடை முடிந்ததா, ஏரியில் தண்ணீர் உண்டா என்பதை அது சொல்லாது. நாள் என்பது பக்கத்து ஊருக்கு விட்டுக்கொடுத்துப் பெறுவது.

அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் இதோடு தறியும் சேர்ந்துகொள்கிறது. இது நெசவு பூமி. அமாவாசைக்குத் தறியை நிறுத்துவது நெசவாளர்களின் பழைய வழக்கம். கூலி கைக்கு வருவது நெய்த சரக்கைக் கொடுத்த பிறகு. உழவர் ஊரில் களத்து நெல்லைப் பார்த்து வரி போடலாம். நெசவாளர் ஊரில் பாவு முடியும் நாளைப் பார்க்க வேண்டும். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் காலையில் தறிக்குழியில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கைத்தறி விசைத்தறியாக மாறிய பிறகு மின்சாரமும் முதலாளியின் கெடுவும் இந்தக் கணக்கில் நுழைந்துவிட்டன. நெசவாளரான செங்குந்தர் தம்மை முருகனின் நவவீரர் வழியினர் என்பார்கள். பல ஊர்ச் சூரசம்ஹாரத்தில் அந்த வேடம் அவர்களுக்கு உரியது. திருத்தணியிலோ கோபம் தணிந்த மலை என்பதால் சூரசம்ஹாரமே கிடையாது. போரை ஆடிப் பார்க்கும் ஆசைக்கு இந்த வட்டாரத்தில் பாரதமே பெரிய களமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இதை நிறுவ முடியாது. என் ஊகமாகவே இருக்கட்டும்.

இந்த நாள்காட்டி எவ்வளவு உறுதியானது என்பதற்கு எல்லைப் போராட்டமே சான்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பிறகு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், நடுவர் படாஸ்கரின் தீர்ப்பின்படியும் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வருவாய்க் கணக்கு, பள்ளிக்கூட மொழி, நீதிமன்றம் எல்லாம் மாறின. விழா மாறவில்லை. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், நாராயணவனம் ஊர்களிலும் திரௌபதி சமேத தர்மராஜா கோயில்கள் உண்டு. அங்கும் பாரதம், அங்கும் தீமிதி. பகலில் கதை சொல்வது ஒரு ஊரில் தமிழாகவும் இன்னொரு ஊரில் தெலுங்காகவும் இருக்கலாம். விழாவின் எலும்புக்கூடு ஒன்றுதான். மாநிலங்களுக்கு இடையே கோடு போட ஒரு நடுவரும் நாடாளுமன்றச் சட்டமும் தேவைப்பட்டன. ஊர்களுக்கு இடையே இரவுகளைப் பங்கிட்டவர்களுக்கு வெற்றிலைத் தட்டும் முன்பணமும் போதுமாக இருந்தன.

இனி வருவது கனமான மறுப்பு. தலைக்கட்டு வரியைத் தன்னார்வம் என்று சொல்லலாமா? கொடுக்காதவரை ஊர் சும்மா விடாது. வரி கொடுக்கும் உரிமையே சேரிக்கு இல்லை என்று வைத்திருந்த ஊர்களும் இருந்தன. வரி வாங்காதது சலுகை அல்ல, விழாவில் பங்கில்லை என்று சொல்லும் முறை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு விழாக்குழுவைப் புகழ்வது பொய். நான் சொல்வது வேறு: கூலியில்லாமல் உழைத்தவர்களின் உழைப்பு உண்மை, அவர்கள் வைத்திருந்த வேலியும் உண்மை. நாள் குறிக்கும் அதிகாரம் இவ்வளவு பெரியது என்பதால்தான் அது யார் கையில் இருக்கிறது என்ற சண்டையும் இவ்வளவு பெரியதாகிறது. அற்ப வேலைக்காக எந்த ஊரும் இரண்டுபட்டு நிற்பதில்லை.

ஜமாவின் தலைவர்தானே நாள்களைக் குறித்துவைக்கிறார், அவர் தொழிலுக்காகத்தானே செய்கிறார் என்றும் கேட்கலாம். கேட்கட்டும். அவருடைய நோட்டுப் புத்தகம் நிரம்புவது ஊர்கள் தமக்குள் ஒத்துப்போன பிறகுதான்.

இன்று இந்த ஏற்பாட்டை நெருக்குவது வேறொரு நாள்கணக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு விலக்கு தரலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல், அதுவும் நள்ளிரவு 12 வரை. பாரதமோ 18 நாள், கூத்தோ விடியும்வரை. தூங்க முடியாத நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த விதி வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஒலிபெருக்கி வருமுன் முகவீணையும் மத்தளமும் அடித்தொண்டையும்தான் கூத்தின் ஓசை; குழல் ஒலிபெருக்கியைப் பாரதத்தின் பகுதி என்று வாதிட முடியாது. ஆனால் காவல் நிலைய அனுமதிக்கு ஏற்ப இரவுகளைச் சுருக்கும்போது எந்தக் கதையை விடுவது, எதை ஒரே இரவில் இணைப்பது என்ற முடிவும் அதே ஊதியமில்லாத குழுவின் தலையில்தான் விழுகிறது. கூத்தின் வடிவத்தைக்கூட அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீசுகள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. மேடை நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கே போகிறார்கள். கூத்து நோட்டீசுக்கும் அந்த மரியாதை வேண்டும். ஊர் வாரியாக, ஆண்டு வாரியாக அவற்றை அடுக்கினால் ஒரு ஜமா எந்த இரவில் எங்கே இருந்தது, எந்தக் கதைக்கு உபயதாரர் கிடைக்கவில்லை, பதினெட்டு இரவு எந்த ஆண்டில் பத்தானது என்று தெரியும். வரி கொடுத்த தெருக்கள் எவை, பட்டியலில் பெயரே வராத தெருக்கள் எவை என்பதும் தெரியும். அச்சிட்ட வைகாசி 12ஐ அடித்துவிட்டு மேலே யாரோ பேனாவால் 19 என்று எழுதியிருந்தால், அந்த ஏழு நாளை எந்தப் பக்கத்து ஊருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று தேடிப் போகலாம்.