நரம்பியற் கல்வியும் அது திறந்த தொழில்வழிகளும்

ஒரு கல்வித்துறை தோன்றுவது வேறு; அத்துறை மாந்தர்க்கு வாழ்தொழிலாக அமைவது வேறு. மூளையையும் நரம்புகளையும் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவில் நெடுங்காலம் அறிஞர் சிலரின் தனி முயற்சியாகவே நடைபெற்றது. நரம்புக் கலங்களின் அமைப்பை ஆராய்ந்த கொல்கியும் கஹாலும் 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். செருமானியரான ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதற் பதிந்து, 1929இல் உலகறியச் செய்தார். எனினும் வைத்தியர் சிலரையன்றிப் பிறர்க்கு இத்துறை பிழைப்புக்குரிய வழியாக அன்று அமையவில்லை. அவ்வழி தமிழர் வாழும் நாடுகளில் எவ்வாறு உண்டாயிற்று என்பதை ஆராய்தல், கொட்டியாரக் குடாவின் தென்பாலுள்ள தோப்பூர் போன்ற ஊர்களிலிருந்து உயர்கல்வியை நாடும் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும்.

ஈழத்தில் மேனாட்டு மருத்துவக் கல்வியின் தொடக்கம் யாழ்ப்பாணத்தைச் சார்ந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி மாணவரைப் பயிற்றினார். ஆங்கிலத்திற் கற்றோர் உயர்ந்த ஊதியம் நாடிப் பிறவிடங்களுக்குச் செல்வதைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டார். தமிழிற் கற்றவர் தம் ஊர்களிலேயே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் கருத்து. உடலமைப்பியலைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. மறு ஆண்டில் கிறீன் தாயகம் திரும்பினார். அதற்கு முன்னரே, 1870இல், கொழும்பில் ஆங்கில வழி மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. தமிழ்வழிப் பயிற்சி கிறீனுக்குப் பின் நிலைபெறவில்லை. ஆயின், 'கற்றவன் எங்கே தொழில் புரிவான்?' என்று அவர் எழுப்பிய வினா இன்றும் விடை வேண்டி நிற்கின்றது.

நரம்பியல் ஒரு தனித்துறையாகத் தமிழ்நாட்டிற் கால்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையை நிறுவினார். சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி, இங்கிலாந்திற் பயிற்சி பெற்று 1950இற் சென்னைக்கு மீண்டு, அங்கே மூளைச் சத்திரசிகிச்சையை வளர்த்தார். இவ்விருவரோடு பல்தேவ் சிங், நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியற் கழகத்தைத் தோற்றுவித்தனர். இலங்கையிலும் 1950களில் செல்ரன் கப்ரால் கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சைக்கு வழிகோலினார்.

இவ்வரலாற்றில் ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சத்திரவைத்தியர் ஒருவரின் கைத்திறனால் மட்டும் இத்துறை நடைபெறுவதில்லை. நோயை நிதானிக்க நரம்பியல் வைத்தியரும், மின்னலைகளைப் பதியத் தொழினுட்பவியலாளரும், படமெடுக்கக் கதிர்ப்படவியலாளரும், மயக்கமருந்து கொடுப்போரும், இரவு பகலாகப் பேணத் தாதியரும் வேண்டும். பாரிசவாதத்தாற் கைகால் செயலிழந்தவரை மீண்டும் நடக்கச் செய்பவர் இயன்மருத்துவர். பேச்சிழந்தவர்க்குச் சொல் மீட்டுக் கொடுப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். ஆகவே நரம்பியற்பிரிவு ஒன்று நிறுவப்பட்டபோதெல்லாம் தொழில்கள் பலவற்றுக்கு இடம் பிறந்தது.

இரண்டாவது விரிவு ஆராய்ச்சியில் நிகழ்ந்தது. உயிர்ப்பௌதிகவியலாளரான பிரான்சிஸ் சிமிற் 1962இல் அமெரிக்காவில் அமைத்த ஆராய்ச்சித் திட்டம், மருத்துவரையும் இரசாயனவியலாளரையும் கணிதவறிஞரையும் உளவியலாளரையும் ஒருங்கு கூட்டிற்று. நரம்பு விஞ்ஞானம் என்னும் பொதுப்பெயர் அதன்பின்னரே பெருவழக்காயிற்று. பெங்களூரில் 1954இல் நிறுவப்பெற்ற மனநல நிறுவனம் 1974இல் மனநல, நரம்பு விஞ்ஞானத் தேசிய நிறுவனமாயிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், பின்னர் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கலிபோர்னியாவில் உளவியற் பேராசிரியராய்ப் புகழெய்தினார். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு நிலையமோ 2024இல், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மென்சீவல்களாகப் படம்பிடித்து முப்பரிமாண வரைபடமாக வெளியிட்டது. இத்தகைய பணி மருத்துவரோடு பொறியியலாளரும் கணினி வல்லுநரும் கைகோத்தாலன்றி நிறைவேறாது.

இவற்றால் மாணவருலகில் நிலவும் ஒரு பிழையான எண்ணம் நீங்குதல் வேண்டும். வைத்திய பீடத்தில் இடம் பெறாதவனுக்கு மூளையைப் பற்றிய துறையில் இடமில்லை என்பதே அவ்வெண்ணம். வைத்தியராக விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பீடங்கள் உள்ளன. பட்டத்தின்பின் உள்ளகப் பயிற்சியும் பட்டமேற்படிப்பும் முடித்தே நரம்பியல் நிபுணராதல் கூடும் என்பதால், அது நீண்ட வழியாகும். தாதியியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் ஆகியன அதனிலும் குறுகிய காலத்திற் பணிக்கு இட்டுச்செல்வன. கணிதத்திலும் பௌதிகத்திலும் வல்லவர்க்கோ கணிப்புநெறி நரம்பு விஞ்ஞானம் கதவு திறந்து நிற்கின்றது. ஆயின் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்வோர் கலாநிதிப் பட்டத்திற்காகக் கடல் கடக்க வேண்டிவருதல் பெரும்பான்மை.

வயலும் கடலும் சூழ்ந்த தோப்பூரில் பாரிசவாதத்தால் வீழ்ந்த உழவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவனுக்கு முதற்கண் வேண்டுவது விரைந்து சேரத்தக்க வைத்தியசாலை. அதன்பின் மாதக்கணக்கில் அவனுக்கு வேண்டுவது கைகால்களைப் பயிற்றுவிக்கும் ஒருவரும், அவன் பேசும் தமிழை அறிந்து அதிலேயே பேச்சை மீட்டுத்தரும் ஒருவருமாவர். தொலைநாட்டு ஆய்வுகூடம் எத்துணைச் சிறப்புடையதாயினும் இக்குறையை நிரப்பாது. நரம்பியற் கல்வி திறந்துவிட்ட வழிகள் பலவாயின. அவற்றுட் சில ஊரை நோக்கியும் திரும்பும் என்பதை மாணவர் அறிதல் நன்று. அவ்வழியைத் தெரிந்துகொள்வோர் சிலரேனும் தோன்றுவராயின், கிறீன் எழுப்பிய வினாவுக்கு இம்மாவட்டத்திலிருந்தே விடை கிடைக்கும்.