முத்திரையிற் பொறித்த மாளிகைகள்

ஓர் அரசு தன்னைப் பிறர் எவ்வாறு காணவேண்டுமென விரும்புகின்றதோ, அவ்வடிவத்தையே தபால் முத்திரையிற் பொறிக்கின்றது. கல்வெட்டு நின்ற இடத்தினின்றும் பெயராது. முத்திரையோ கடிதத்துடன் கடைக்கோடிக் கிராமம்வரை செல்லும். ஆதலின் வரலாறு பயில்வோர்க்கு அச்சிறு தாளும் ஒரு சான்றாகும். 1931 இல் இந்தியாவில் வெளியான ஆறு முத்திரைகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படுமென ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1911 டிசம்பர் 12 இல் டில்லித் தர்பாரில் அறிவித்தார். அதன் பயனாய் எழுந்த புதுடில்லி 1931 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அவ்விழாவை முன்னிட்டு அம்மாதம் 9 ஆம் நாள் இம்முத்திரைகள் வெளிவந்தன. காலணா முத்திரையில் மொகலாயர் காலப் பழைய கோட்டையும், அரையணாவில் பின்னர் இந்தியா கேற் எனப் பெயர்பெற்ற போர் நினைவு வளைவும், ஓரணாவில் சட்டசபை மாளிகையும், இரண்டணாவில் இராசப்பிரதிநிதி மாளிகையும், மூன்றணாவில் செயலகமும் இடம்பெற்றன. ஒரு ரூபா முத்திரையில் செயலகத்துடன் டொமினியன் தூண்கள் காணப்பட்டன. ஆறிலும் மன்னரின் தலையுருவம் அமைந்திருந்தது.

அத்தூண்கள் நான்கும் கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் டொமினியன் நாடுகள் அளித்தவை. அவை நாட்டப்பெற்ற இந்தியாவுக்கோ அவ்வந்தஸ்து வழங்கப்படவில்லை. 1929 டிசம்பரில் லாகூரிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, டொமினியன் அந்தஸ்தையும் கடந்து பூரண சுதந்திரமே தன் இலக்கெனத் தீர்மானித்திருந்தது.

முத்திரைகள் கூறாத செய்திகளும் உள. ஓரணா முத்திரையிற் கண்ட சட்டசபை மாளிகையினுள்ளேதான் 1929 ஏப்ரல் 8 இல் பகத் சிங்கும் படுகேசுவர தத்தரும் குண்டு வீசினர். வேறொரு வழக்கிற் பகத் சிங் தூக்கிலிடப்பட்டபோது, அம்முத்திரை வெளிவந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. இரண்டணா முத்திரை வெளிவந்த எட்டாம் நாள், பெப்ரவரி 17 இல், சிறைமீண்ட காந்தியடிகள் இர்வின் பிரபுவுடன் பேச அதே இராசப்பிரதிநிதி மாளிகைக்குச் சென்றார். மன்னரின் பிரதிநிதியோடு சமநிலையிற் பேச அவர் அரை ஆடையுடன் அப்படிகளில் ஏறியதைச் சேர்ச்சில் மனம்பொறாது கண்டித்தார். பேரரசின் பெருமை விளங்க லட்யென்ஸ் வகுத்த படிகளை எளிய துறவியொருவரின் அடிகள் வேறு பொருளுக்கு உரியனவாக்கின.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1947 ஆகஸ்து 14 நள்ளிரவில், பேக்கர் வகுத்த அச்சட்டசபை மாளிகையிலேயே சுதந்திர இந்தியாவின் பிரதிநிதிகள் உறுதிமொழி எடுத்தனர். இராசப்பிரதிநிதி மாளிகை 1950 இற் குடியரசுத் தலைவரின் இல்லமாயிற்று. 2023 மே 28 இற் புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோதும் அதற்கெனத் தனி முத்திரை வெளியிடப்பட்டது.

நிலைபேற்றைக் காட்டவே அரசுகள் மாளிகைகளை முத்திரையிற் பொறிக்கின்றன. மாளிகைகள் நிலைத்தன; அவற்றைப் பொறித்த ஆட்சி நிலைக்கவில்லை. முத்திரை சேர்க்கும் மாணாக்கர் அதன் விலையையும் ஆண்டையும் மட்டும் நோக்கி அமையாது, அம்மாளிகையின் படிகளில் ஏறியவர் யாவர், இறங்கியவர் யாவர் என்றும் வினவுவாராக. அவ்வினாவிலேயே வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.