உலவின் குணமும் வாசிப்பின் குணமும்: நாகசுரக் கைவினையை மதிப்பிடும் முறை

1. சிக்கல்

ஒரு நாகசுரத்தை ‘நல்ல நாயனம்’ என்று சொல்லும்போது பாராட்டு யாரைச் சேருகிறது? உலவு எனும் மரக்குழலைக் கடைந்த ஆசாரியையா, சீவாளி கட்டியவரையா, வாசித்த வித்துவானையா? கச்சேரி கேட்பவருக்கு இந்தக் கேள்வி எழ வேண்டியதில்லை. கருவி வாங்கும் மாணவருக்கும், அதை வாங்கித் தரும் இசைப் பள்ளிக்கும், ஆசாரியின் உழைப்புக்கு விலை பேசுபவருக்கும் இதைத் தவிர்க்க முடியாது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரை மற்றவர் எடுத்தாள முடியாதபடி அது காக்கும். அதே ஊரில் கடைந்த இரண்டு நாயனங்களில் எது மேலானது, ஏன் மேலானது என்பதை அது சொல்லாது. சொல்வது அதன் வேலையும் இல்லை.

வாசிப்பைக் கேட்டு மட்டும் நாகசுரத்தின் கைவினையை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாசிப்பவரின் உதடும் மூச்சும் கருவியின் குறையை நிரப்பிவிடுகின்றன. வித்துவான் எவ்வளவு பெரியவரோ அவ்வளவுக்கு அந்தக் குறை மறைகிறது. ஆகவே, ஆசாரி எதற்குப் பொறுப்பாளி, எதற்குப் பொறுப்பாளி இல்லை என்று முதலில் வகுத்துக்கொண்டு, அவருடைய பங்கைத் தனியே எடுத்துக்காட்டும் சோதனைகளை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2. மூவர் கை சேர்ந்த கருவி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. அங்கே கடைசல் பட்டறையில் ஆச்சா மரத்தில் உலவு உருவாகிறது. கீழே விரிந்து நிற்கும் அணைசுக்குப் பெரும்பாலும் வாகை மரம். பக்கத்திலுள்ள திருவாவடுதுறை, வித்துவான்களால் மட்டுமன்றிச் சீவாளியாலும் பெயர் பெற்றது. ஆற்றங்கரையில் வளரும் நாணல் இனத்துத் தட்டையை உலர்த்தி, வேகவைத்து, நசுக்கி, விசிறிபோல் விரித்து, கெண்டை என்னும் உலோகக் குழலின்மேல் நூலால் கட்டுவது அங்குள்ளவர்களின் தொழில். இந்த இரண்டும் வித்துவானின் வாய்க்கு வந்து சேர்ந்தபிறகே கருவி முழுமையாகிறது.

உலவின் உட்துளை ஒரு கூம்பு. அதன் கூர்முனை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த முனையில் அடங்கியிருக்க வேண்டிய காற்றின் அளவைச் சீவாளியும் கெண்டையும் ஈடுகட்டினால்தான், அழுத்தி ஊதும்போது மேல் ஸ்தாயி சரியாக இரட்டித்து எழும். கூம்புத் துளைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த விதியை ஆர்தர் பெனேடு 1976-இல் வெளியிட்ட இசை ஒலியியல் நூலில் விளக்கியிருக்கிறார். ஆசாரி எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும், பொருந்தாத சீவாளி செருகினால் மத்திய ஸ்தாயி ஸட்ஜமும் தார ஸ்தாயி ஸட்ஜமும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும். அந்தக் குற்றம் ஆசாரியுடையதா, சீவாளிக்காரருடையதா என்று ஒரே ஒரு சீவாளியை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரே உலவில் வெவ்வேறு கையால் கட்டிய பல சீவாளிகளைச் செருகி, ஏழு விரல்துளைகளின் சுரங்களையும் இரண்டு ஸ்தாயிகளிலும் வரிசையாகப் பார்க்க வேண்டும். சீவாளிக்குச் சீவாளி பிழை இடம் மாறினால் அது சீவாளியின் பிழை. எந்தச் சீவாளியிலும் அதே சுரம் அதே பக்கம் சாய்ந்தால் அது உலவின் பிழை. துளை இடம் தவறியிருக்கலாம், அளவு தவறியிருக்கலாம், உட்கூம்பு ஓரிடத்தில் ஒடுங்கியோ பருத்தோ இருக்கலாம். ஒரு ஸ்தாயியில் நன்றாகவும் மறு ஸ்தாயியில் கோணலாகவும் ஒலிக்கும் சுரம் பெரும்பாலும் உட்கூம்பைக் காட்டிக்கொடுக்கும். ஏனெனில், துளைக்குள் ஏற்படும் ஒடுக்கம் இரண்டு ஸ்தாயிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

3. உதட்டுக்கு எட்டாத குழல்

நாகசுரத்தில் இந்தப் பிரிப்பு ஏன் கடினம் என்பது, உதடு தொடாத ஒரு குழலோடு ஒப்பிட்டால் தெளிவாகும். அயர்லாந்தின் இல்லன் பைப்ஸ் அத்தகையது. வாசிப்பவர் அதை வாயால் ஊதுவதில்லை. முழங்கையில் கட்டிய துருத்தி காற்றைப் பைக்கு அனுப்புகிறது. மறு கை பையை அழுத்துகிறது. பாட்டு வாசிக்கும் குழலின் இரட்டைச் சீவாளி ஒரு மூடிக்குள் அடைபட்டிருக்கும். பையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சிறிது திருத்தலாம். அதற்குமேல் சீவாளியைக் கட்டுப்படுத்த வழி இல்லை. கூடவே மூன்று சுருதிக் குழல்கள் இடைவிடாமல் ஒலிக்கின்றன. எந்தச் சுரம் பிசகினாலும் அந்தச் சுருதிமேல் உடனே தெரிந்துவிடும். அங்கே செய்தவரின் வேலை கேட்பவர்முன் மறைவின்றி நிற்கிறது.

நாகசுரத்தின் சீவாளியோ உதடுகளுக்கு இடையில் இருக்கிறது. கமகங்கள் விரல் நகர்விலும் பாதித் துளை மூடலிலும் பிறப்பதுபோல, உதட்டின் பிடியிலும் மூச்சின் அழுத்தத்திலும் பிறக்கின்றன. தோடியின் காந்தாரத்தை அசைக்கத் தெரிந்தவருக்கு, சற்றுத் தாழ்ந்த துளையை உயர்த்தி ஒலிக்கச் செய்வது பெரிய காரியம் இல்லை. இந்தச் சுதந்திரமே நாகசுரத்தின் பெருமை. கைவினையை மதிப்பிட வரும்போது அதுவே திரையாகிவிடுகிறது.

நம் மரபிலும் அந்தத் திரையை விலக்கும் துணை இருந்தது. நாயனத்தோடு ஒத்து வாசிப்பவர் இடைவிடாமல் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சார்லஸ் ரஸ்ஸல் டே 1891-இல் தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி வெளியிட்ட நூலில், சுருதிக்காகவே ஊதப்பட்ட தோல்பைத் துருத்தியும் இடம்பெற்றிருக்கிறது. பையில் காற்றை நிரப்பிக் கையால் அழுத்தி ஒலியெழுப்பும் அறிவு இம்மண்ணுக்கு அந்நியமானதன்று. இன்று சுருதிப் பெட்டி அந்த இடத்தில் இருக்கிறது. கருவியைச் சோதிக்கும்போது அதைக் கட்டாயம் ஒலிக்கவிட வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் கமகமின்றி, நீட்டி, உதட்டை இறுக்காமல் பிடிக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்ய ராகம் விரிக்கும் மேதை தேவையில்லை. சீராக ஊதத் தெரிந்த மாணவர் போதும். சில வேளைகளில் மாணவரே இதற்கு மேலானவர். கருவியின் குறையைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அவர் உதட்டுக்கு இன்னும் வந்திருக்காது.

4. பாரி நாயனம் காட்டும் பாடம்

இந்தத் துறையில் ஓர் ஆசாரியின் பெயர் பொதுநினைவில் நின்றிருக்கிறது என்றால் அது நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயர். முன்பு வழக்கிலிருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. திறந்தவெளிக்கும் வீதியுலாவுக்கும் ஏற்றது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுருதி தாழ்ந்த, நீண்ட பாரி நாயனத்தை நாடினார். அவருக்காக உழைத்தவர் ரங்கநாதன் ஆசாரி. திமிரியில் சுத்த மத்திமம் இயல்பாக அமையாது, வாசிப்பவர்தான் வரவழைக்க வேண்டும் என்பது வித்துவான்கள் சொல்லிவந்த குறை. பாரியில் அது துளையிலேயே அமைந்தது என்பதுதான் ஆசாரிக்குக் கிடைத்த புகழ்.

இந்தப் புகழின் தன்மை கவனிக்கத்தக்கது. நாயனம் நீண்டது, நாதம் கம்பீரமானது என்பவை எல்லார் காதுக்கும் எட்டியவை. ஆனால் கைவினையின் வெற்றி இன்னும் நுட்பமான இடத்தில் இருந்தது: அதுவரை உதடு சுமந்த ஒரு சுமையை உலவு ஏற்றுக்கொண்டது. ஓர் ஆசாரியை மதிப்பிட இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது. வாசிப்பவர் திருத்த வேண்டியதை எந்த அளவுக்குக் கருவியே முடித்துத் தருகிறது என்பதே கேள்வி.

ஏறக்குறைய இதற்கு இணையான மாற்றம் இல்லன் பைப்ஸிலும் நடந்தது. அயர்லாந்திலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்த டெய்லர் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க மேடைகளுக்கு ஏற்ப உட்துளை அகன்ற, ஓங்கி ஒலிக்கும் குழல்களைச் செய்தார்கள். அங்கே மேடை ஒலியைப் பெரிதாக்கக் கேட்டது. இங்கே சுருதியைத் தாழ்த்தக் கேட்டது. இரண்டு இடத்திலும், மாறிய தேவைக்கு உட்துளையையே புதிதாகச் சிந்தித்தவர்கள் கைவினைஞர்கள்தாம்.

5. மரத்தின் மதிப்பு எதில்

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் நாதத்துக்கு நல்லது என்பது பொதுநம்பிக்கை. முடிவு சரி, காரணத்தைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். குழல் கருவியில் ஒலிப்பது துளைக்குள் இருக்கும் காற்று. ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்த புல்லாங்குழல்களைக் கேட்டவர்களால் அவற்றை வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல்லால் செய்த நாகசுரம் ஒன்று இருக்கிறது. கல்லும் நாயனமாக ஒலிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியானால் ஆச்சாவின் பெருமை பொய்யா? இல்லை. வயிரம் பாய்ந்த, நன்கு உலர்ந்த ஆச்சா அளவு மாறாது; எளிதில் வெடிக்காது; உட்சுவர் வழுவழுப்பாகக் கடையப்பட இடம் தரும். நாள்தோறும் ஈர மூச்சை வாங்கி உலரும் குழலுக்கு இது உயிர்நாடி. ஆசாரி கடைந்த கூம்பைக் காப்பாற்றித் தருவதே மரத்தின் பணி. ஆகவே மரத்தை மதிப்பிடும்போது அதன் வயதைக் கேட்டு மயங்காமல், ஓராண்டு வாசித்தபின் உலவின் அளவுகள் அப்படியே நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கருநிறமும் பளபளப்பும் வெள்ளிப் பூணும் கண்ணுக்கு விருந்து; தீர்ப்பில் அவற்றுக்குக் கடைசி இடமே உரியது.

6. வில்பட்டியிலும் சமவெளியிலும்

சோதனை எங்கே, எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். காவிரிக் கரையில் செய்த நாயனம் பழனி அடிவாரத்திலும், பழனி மலைத்தொடரின் மேலே வில்பட்டி, பூம்பாறை போன்ற ஊர்களின் திருவிழாக்களிலும் வாசிக்கப்படக்கூடும். இவ்வூர்கள் உள்ள கொடைக்கானல் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் அங்கே காற்று 10 பாகை செல்சியஸ் என்றும், சித்திரைப் பிற்பகலில் கும்பகோணத்தில் 35 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் முதல் இடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 337 மீட்டர். இரண்டாம் இடத்தில் 352 மீட்டர். துளைக்குள் முழுவதும் அந்தக் காற்றே இருந்தால், ஒரே நாயனத்தின் சுருதி வில்பட்டியில் அரைக் கட்டையின் முக்கால் பங்கு இறங்கிவிடும். வாசிப்பவரின் மூச்சு துளையைச் சூடாக்குவதால் உண்மையான வேறுபாடு இதைவிடக் குறையும், ஆனால் மறையாது. இந்த மாற்றத்தை உண்டாக்குவது வெப்பநிலைதான். உயரத்தால் காற்று மெலிவது ஒலியின் வேகத்தை மாற்றுவதில்லை.

எனவே குளிரில் கேட்டு ‘சுருதி இறங்கிய நாயனம்’ என்று ஆசாரியைக் குறைசொல்வது அநியாயம். சுருதி முழுவதும் ஒன்றாக இறங்குவது பருவத்தின் செயல். சுரங்களுக்கிடையே உள்ள உறவு குலைவதுதான் கைவினையின் குறை. கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து கூடுதல் துளைகளில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்யும் வழக்கம், ஆசாரிகள் இந்த வேறுபாட்டை அறிந்தே கருவிக்குள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. சோதனை நடக்கும் இடத்தின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கருவியைச் சற்று நேரம் ஊதிச் சூடேற்றிய பிறகே அளவெடுக்க வேண்டும். ஒரே நாயனத்தைக் கோடையிலும் ஐப்பசி மழையிலும் பார்ப்பது இன்னும் நல்லது.

7. செய்பவரை மதிப்பிடுதல்

ஒரு கருவியைக் கொண்டு அதைச் செய்தவரை எடைபோட முடியாது. எவர் கையிலிருந்தும் ஒரு சிறந்த நாயனம் தற்செயலாக வரலாம். அடுத்தடுத்துக் கடைந்த பல உலவுகள் ஒரே ஒழுங்கில் அமைகின்றனவா, விரலின் நீளத்துக்கேற்பத் துளையைச் சற்று நகர்த்திக் கேட்டால் அதற்கேற்பத் துளையின் அளவையும் மாற்றத் தெரிகிறதா, திருப்பிக் கொண்டுவந்த கருவியின் குறையை எந்த இடத்தில் தேடுகிறார் என்பவையே ஆசாரியின் அறிவைக் காட்டும். பழுது பார்க்கும்போதுதான் அந்த அறிவு மிகத் தெளிவாக வெளிப்படும். காரணம் தெரிந்தவர் ஒரு துளையின் விளிம்பைச் சிறிது சுரண்டுவார். தெரியாதவர் உலவையே மாற்றச் சொல்வார்.

இங்கே ஒரு சமூக உண்மையையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் லியோ ரௌசம் (1903–1970) வாசிப்பவராகவும் ஆசிரியராகவும் குழல் செய்பவராகவும் ஒருங்கே வாழ்ந்தார். 1968-இல் மீத் மாவட்டத்துப் பெட்டிஸ்டவுனில் தொடங்கிய குழலிசைஞர் சங்கமான ‘நா பீபாரி இல்லன்’ வாசிப்பைப் போலவே செய்முறையையும் தன் பொறுப்பாக ஏற்றது. 2017-இல் யுனெஸ்கோ அந்த இசைமரபைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மிடம் வாசிக்கும் சமூகமும் கடையும் சமூகமும் வேறுவேறாக இருந்துவந்தன. தீர்ப்பு எப்போதும் ஒரே திசையில் சென்றது: வித்துவான் சொன்னார், ஆசாரி கேட்டுக்கொண்டார். ‘நாதம் போதவில்லை’ என்ற சொல்லுக்குள் சீவாளியின் குற்றமும் உலவின் குற்றமும் பருவத்தின் குற்றமும் கலந்து வந்தன. எல்லாவற்றுக்கும் ஆசாரி பதில் சொன்னார்.

8. மறுப்பும் விடையும்

அளவெடுத்துச் சோதிப்பது நாயனங்களை ஒரே அச்சில் வார்த்துவிடாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு வித்துவானும் தனித்த நாதத்தை நாடுகிறார் என்பது உண்மை. ஆனால் தனித்தன்மை வேறு, பிழை வேறு. வித்துவான் கேட்டபடி மத்திமத்தைச் சற்று ஏற்றி அமைத்திருந்தால் அது ஆசாரியின் திறமை. கேட்காமலே ஏறியிருந்தால் அது அவர் தவறு. இந்த வேறுபாட்டை நிறுவ, என்ன கேட்கப்பட்டது, என்ன அளவில் கடையப்பட்டது என்ற பதிவு வேண்டும். அளவுப் பதிவு தனித்தன்மையை அழிக்காது, அதற்குச் சான்றளிக்கும்.

காதுதான் கடைசி நீதிபதி என்பதையும் இக்கட்டுரை மறுக்கவில்லை. காதின் முன் எதை வைப்பது என்பதே கேள்வி. மூவரின் வேலையையும் ஒன்றாகக் கலந்து வைத்தால், காது மூவரில் வலியவருக்கே தீர்ப்பளிக்கும். வலியவர் எப்போதும் வித்துவான்தான்.

9. முடிவுரை

மேற்கண்ட வாதத்திலிருந்து நான்கு நடைமுறைகள் பெறப்படுகின்றன. நாயனம் வாங்கும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் இசைக் கல்லூரிகளும் கோயில்களும் பல சீவாளிகளை மாற்றிச் சோதிக்க வேண்டும். சுருதியோடு, கமகமின்றி, இரண்டு ஸ்தாயிகளிலும் ஒவ்வொரு சுரத்தையும் பார்க்க வேண்டும். உட்துளையின் அளவுகளையும் சோதனை நாளின் வெப்பநிலையையும் எழுதி வைத்து, ஓராண்டு கழித்து மீண்டும் அளக்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் வித்துவானோடு ஆசாரியும் சீவாளிக்காரரும் அமர வேண்டும்.

இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பலன் பெரிது. தன் பிழை எது, தன்னுடையதல்லாத பிழை எது என்று தெரிந்த ஆசாரி அடுத்த உலவை இன்னும் நன்றாகக் கடைவார். அதற்குரிய விலையைத் தலைநிமிர்ந்து கேட்பார். தன் மகனோ மகளோ இந்தத் தொழிலுக்கு வந்தால் கையின் பழக்கத்தோடு காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார். ஊரின் பெயரைக் காப்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பெயருக்குப் பொருள் தரும் கைகளை அறிந்து மதிப்பது இசை பயில்வோரின் கடமை.