டூக்கோ பூசிய கிட்டார்

1986-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கிட்டாரை அரிசிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு டிங்கரிங் பட்டறை. பெயிண்டர் அண்ணன் அம்பாசிடர் மட்கார்டு ஒன்றுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பிரித்ததும் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி இது, வீணையா?"

"கிட்டாருண்ணே. செவப்பா ஆக்கணும்."

"டூக்கோன்னா அடிச்சுத் தரேன். ப்ரஷ்ல பூசறதுன்னா பொட்டிக் கடையில டப்பா வாங்கி நீயே பூசிக்கோ."

நான் அப்போது ரயில்வேயில் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். கிட்டார் கல்கத்தாவில் செய்தது; ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாக மங்கும் சன்பர்ஸ்ட் பூச்சு. தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த ஆர்கெஸ்ட்ரா கிட்டார்களில் பாதி அந்த நிறத்தில்தான் இருந்தன. மேடையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் வறுத்த அப்பளம். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதும் கிடையாது.

டூக்கோ என்பது எங்கள் பக்கத்தில் ஒரு தொழிலின் பெயர். ஆசாரி கதவுக்கு "டூக்கோ அடிக்கலாமா, பாலிஷ் போதுமா" என்று இன்றைக்கும் கேட்பார். ஆனால் அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் வணிகப் பெயர். அதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ வந்ததும் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. கறுப்பு கார்களே ஓடிய தெருவில் நீலமும் பச்சையும் ஓட ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். இதெல்லாம் எனக்கு இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனி தன் கிட்டார்களுக்கு அடித்ததும் இதே டூக்கோதான். அப்புறம் டூபாண்டின் இன்னொரு கார் பெயிண்டான லூசைட்.

நான் ஏதோ அசட்டுத்தனமாக வாத்தியத்தைக் கார் பட்டறைக்குத் தூக்கிப் போனதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நான் போனது சரியான கடைக்கு.

ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தபோது அதுவும் சன்பர்ஸ்ட்தான். வேறு நிறம் வேண்டுமென்றால் விலையில் ஐந்து சதவீதம் கூடுதல். 1960 வாக்கில் நிறங்களுக்கென்றே ஓர் அட்டை அச்சிட்டார்கள். அதில் இருந்தவை பெரும்பாலும் கார் நிறங்கள். ஃபியஸ்டா ரெட் என்பது 1956-ன் ஃபோர்டு தண்டர்பேர்டு கார் சிவப்பு. லேக் ப்ளாசிட் ப்ளூ காடிலாக் காரின் நீலம். கம்பெனியில் லியோ ஃபெண்டரோடு இருந்த ஜார்ஜ் ஃபுல்லர்டன் பிற்காலத்தில் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அவர் ஒருநாள் பக்கத்து பெயிண்ட் கடைக்குப் போய், கண்ணெதிரே கலக்கச் சொல்லி ஒரு சிவப்பை வாங்கிவந்து ஒரு கிட்டாருக்கு அடித்தாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். சிவப்பு கிட்டாரை எவன் வாங்குவான் என்று.

எங்கள் குழுவிலும் சிரித்தார்கள். லீட் வாசித்தவர் எனக்கு மூத்தவர், சென்னையில் இரண்டு மூன்று ரெக்கார்டிங்கில் உட்கார்ந்து வந்தவர். என் கிட்டாரைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "என்னாப்பா, கரகாட்டத்துக்குப் போறியா?"

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயிண்டர் அண்ணன் முதலில் உப்புத்தாள் போட்டு பழைய பளபளப்பைக் கொன்றார். பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பர். நான் சிவப்புக்காகக் காத்திருந்தால் மனிதர் பஸ் வீலுக்கு அடிக்கிற வெள்ளிப் பூச்சை எடுத்து அடிக்கிறார். எனக்குப் பதறிவிட்டது. "இரு தம்பி. அடியில வெள்ளி இருந்தாதான் மேல செவப்பு எரியும்" என்றார். பிறகு நிறமில்லாத லேக்கரில் கொஞ்சமாகச் சிவப்பைக் கலந்து, தின்னர் நிறைய விட்டு, மெல்லிசாக ஏழெட்டுக் கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஆழமாகிக்கொண்டே போனது. வெயிலில் திருப்பினால் உள்ளேயிருந்து வெளிச்சம் வருவதுபோல இருந்தது. கெம்புக் கல்லைப் பதிக்கும்போது அடியில் மின்னும் தாள் வைப்பார்களே, அதே வித்தை. அதே வித்தையை 1963-ல் ஃபெண்டர் கேண்டி ஆப்பிள் ரெட் என்று பேர் வைத்து விற்றிருக்கிறது. அடியில் உலோகப் பூச்சு, மேலே கண்ணாடிச் சிவப்பு. பெயிண்டர் அண்ணன் அதைப் பார்த்திருக்க வழியில்லை. புல்லட் டேங்குக்கு அடித்துக் கற்றுக்கொண்டது.

நானும் பார்த்ததில்லை. ஷாடோஸ் குழுவின் 'அப்பாச்சி'யைக் கேசட்டில் தேயத் தேயக் கேட்டுப் பழகியவன் நான். ஹாங்க் மார்வின் கையில் இருந்த கிட்டார் சிவப்பு என்பதே எனக்குத் தெரியாது. 1982 வரை நம் டி.வி.யே கறுப்பு வெள்ளை. மார்வினுக்கு அந்த கிட்டார் கிடைத்த கதையும் நம்ம கதைபோலத்தான். அமெரிக்க வாத்தியங்கள் இங்கிலாந்துக்குள் வரமுடியாமல் கட்டுப்பாடு இருந்தது. 1959-ல் அது தளர்ந்த சமயத்தில் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அதன்பிறகு இங்கிலாந்தில் பையன்களுக்கெல்லாம் சிவப்புதான் வேண்டும். கடைக்காரர்கள் வேறு நிறத்தில் வந்த கிட்டார்களைக்கூடச் சிவப்பாக்கி விற்றார்கள். நமக்கு 1991 வரை நிலைமை தெரியும். சிங்கப்பூர் மாமா, இல்லையென்றால் பர்மா பஜார், இல்லையென்றால் கல்கத்தா.

எங்கள் பக்கத்தில் கிட்டார் முதலில் நுழைந்தது சினிமா வழியாக என்று பலர் நினைக்கிறார்கள். சினிமா பிறகு. நான் முதலில் தொட்டது ஒரு கிறிஸ்துமஸ் கேரல் குழுவில். 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் தடம் திண்டிவனத்தில் ஆழம். ஸ்கடர் குடும்பத்தின் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. ராத்திரி வீடு வீடாகப் போகிற பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் கழுத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் தொங்கும். அதில் நிறம் ஏது. பழுப்பு மரம், மேலே வார்னிஷ், ஒரு நைலான் கயிறு. 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. கமலும் ரஜினியும் மேடையில் நின்ற தோரணையைப் பார்த்த பிறகுதான் கிட்டார் என்பது காதுக்கு மட்டுமல்ல என்று எங்களுக்கு உறைத்தது.

இதை வித்வான்கள் ஒத்துக்கொள்வதில்லை. பளபளக்கிற கிட்டார் என்றாலே முகம் சுளிப்பவர்களை இந்த நாற்பது வருஷத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். போன மாதம்கூட விழுப்புரத்தில் ஒரு டீக்கடையில் நாங்கள் நான்கு பேர், எல்லாம் பழைய ஆர்கெஸ்ட்ரா ஆட்கள். என் அண்ணன் பேரன் செல்போனில் ஒரு படம் காட்டினான். குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் செய்த கிட்டாராம். தங்கத் துகள் தூவி, பார்க்கிற கோணத்துக்கு ஊதாவாகவும் பச்சையாகவும் மாறுகிற பூச்சு. ஒருவர், "ஐயனார் கோயில் குதிரை" என்றார். இன்னொருவர், "பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல அடிச்சுட்டு மீந்த பெயிண்ட்டா?" என்றார். மூன்றாமவர் கீபோர்டு வாசித்தவர். அவருக்கு கிட்டாரே ஆகாது. மரத்தின் ரேகை தெரிய வேண்டும், அதுதான் அழகு என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு. ரேகைதான் வேண்டுமென்றால் திண்டிவனம் பக்கத்துத் திருவக்கரைக்குப் போகலாம். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ரேகை அப்படியே இருக்கிறது, பெயிண்ட் தொட்டதே இல்லை.

நம்ம வாத்தியங்கள் அடக்கமானவை என்றும் ஒரு பேச்சு உண்டு. தஞ்சாவூர் வீணையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்களா, தெரியவில்லை. முனையில் யாளி முகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உடம்பெல்லாம் செதுக்கல், ஒரு காலத்தில் தந்தம் பதித்தார்கள். அந்த யாளி ஒரு ஸ்வரமும் எழுப்புவதில்லை. யாரும் அதைப் பொம்மை என்று சொன்னதில்லை.

பழைய கிட்டார்களைக் கும்பிடுகிறவர்கள் மறந்துபோகிற ஒரு கணக்கு இருக்கிறது. கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் 1952-ல் வந்தபோது முன்பக்கம் முழுக்கத் தங்க நிறம். லேக்கரில் வெண்கலப் பொடியைக் கலந்து அடித்தது. கை படுகிற இடத்தில் வியர்வை பட்டுப் பாசி பிடித்த மாதிரி பச்சையாகும். விற்பனை படுத்ததும் 1958-ல் தங்கத்தை விட்டுச் செர்ரிச் சிவப்பு ஓரத்தோடு சன்பர்ஸ்ட் அடித்தார்கள். அதுவும் ஓடவில்லை. 1960-ல் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷத்தில் செய்தது சுமார் ஆயிரத்து ஐந்நூறுதான். 1966-ல் எரிக் கிளாப்டன் ஒன்றை வைத்துக்கொண்டு ஜான் மேயாலோடு ஒரு ஆல்பம் வாசித்தார். அதற்குப் பிறகுதான் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். இன்று அவற்றின் விலை லட்சக்கணக்கான டாலர். கூத்து என்னவென்றால், அந்தச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் நிற்காத சாயம். கடைக் கண்ணாடியில் வெயில் பட்டுச் சிவப்பு ஓடிப்போய், தேநீர் நிறமும் எலுமிச்சை நிறமுமாக வெளுத்துவிட்டன. வெளுத்த ஒவ்வொரு வகைக்கும் இப்போது ஒரு செல்லப்பெயர். சாயம் போன வேட்டியை நாம் கொசுவம் வைத்துக் கட்டுவதில்லை, இவர்கள் கட்டுகிறார்கள்.

அது வாங்க ஆளில்லாமல் அரிதானது. இப்போதைய லிமிடெட் எடிஷன் பிறக்கும்போதே எண்ணி வைத்துப் பிறக்கிறது. என் குறை அதில் மட்டும்தான், நிறத்தில் இல்லை. 1968-ல் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாருக்குப் பூப்போட்ட சுவர்த்தாளையே ஒட்டி மேலே பூச்சு அடித்து விற்றது. ஜேம்ஸ் பர்ட்டன் அந்த இளஞ்சிவப்பு மாங்காய் டிசைன் கிட்டாரை எடுக்கவே முதலில் தயங்கியிருக்கிறார். பிறகு எல்விஸ் பிரெஸ்லியின் பின்னால் நின்று வருஷக்கணக்காக வாசித்தது அதைத்தான். கிரெட்ச் கம்பெனி இன்னும் முன்னாலேயே, 1950களில், ட்ரம்ஸ் மேல் சுற்றுகிற மினுமினு பிளாஸ்டிக் தகட்டை கிட்டார் மேல் ஒட்டியது. அவர்கள் ட்ரம்ஸும் செய்தவர்கள், தகடு கையில் இருந்தது. எங்கள் குழு ட்ரம்ஸிலும் அந்த மினுமினுப்புதான். அதை யாரும் கரகாட்டம் என்று சொன்னதில்லை.

செஞ்சி பக்கம் ஒரு கிராமத்தில் ஆடி மாதம் கூழ் வார்த்த ராத்திரி என் சிவப்பு முதன்முதலாக மேடை ஏறியது. முதல் பாட்டு முடியும் முன்பே பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொடிசுகள் என் பக்கம் நகர்ந்துவிட்டன. நான் வாசித்ததோ மூன்றே கார்டு. 'இளைய நிலா'வுக்கு லீட் வாசித்தவர் விரலில் தேன் ஒழுகியது. கண் எல்லாம் என் மேல். அடுத்த கச்சேரிக்கு முதல் நாள் அவர் வீட்டுப் பையன் வந்தான். "அப்பாவோட கிட்டார்ல பிக்கப்பு கரகரங்குதாம். ஒங்க செவப்ப ஒரு நாளைக்குக் கேட்டாரு." அதற்குப் பிறகு நான்கு கச்சேரிக்கு அந்தப் பிக்கப் சரியாகவே இல்லை.

பூச்சால் நாதம் கெடுமா, நைட்ரோ பூச்சில் மரம் மூச்சு விடுமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து என் கிட்டாரின் நாதத்தை டூக்கோ கெடுத்தது ஒரே இடத்தில். பெயிண்டர் அண்ணன் கழுத்தைக் கழற்றிவிட்டு, அது உட்கார்கிற பள்ளத்துக்கு உள்ளேயும் பட்டியும் பெயிண்டுமாக அடித்துவிட்டார். திருப்பி மாட்டினால் கழுத்து முழுதாக இறங்கவில்லை. கம்பி ஆகாசத்தில் நின்றது. எஃப் பிடித்தால் விரலில் ரத்தம். இரண்டு ராத்திரி ரேஸர் ப்ளேடு வைத்துச் சுரண்டினேன். சிவப்பு, வெள்ளி, சாம்பல், பட்டியின் வெள்ளை, அதற்கடியில் கல்கத்தா மஞ்சள். இன்னொரு பாடமும் கிடைத்தது: ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ பூச்சை நிறுத்தக் கூடாது. ரப்பரும் லேக்கரும் சேர்ந்து உருகி, அடிப்பக்கம் இரண்டு பல் பதிந்த தழும்பு.

தொண்ணூறுகளில் கீபோர்டு ஒன்றே பத்துப் பேர் வேலையைச் செய்ய ஆரம்பித்ததும் எங்கள் குழு கலைந்தது. 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனபோது எங்கள் பேனரில் "தென்னாற்காடு" என்ற சொல்லை அழிக்கக்கூட ஆள் இல்லை. கிட்டார் பரணுக்குப் போனது.

அண்ணன் பேரன் அதை இறக்கிப் பார்த்தது டீக்கடைப் பேச்சுக்கு மறுநாள். சிவப்பு விரிசல் விட்டு, முழங்கை படுகிற இடத்தில் வெள்ளி தெரிகிறது. பட்டறையில் கொடுத்துத் திரும்ப அடிக்கலாமா என்றேன். "தாத்தா, தொட்டுடாதீங்க" என்று கத்தினான். ஃபெண்டர் 1995-லிருந்து புது கிட்டாரை வேண்டுமென்றே இப்படிக் கீறித் தேய்த்து விற்கிறதாம். முதுகுப் பக்கத்தைத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். லேக்கர் முழுசாகக் காயும் முன்னால் பெயிண்டர் அண்ணன் தினத்தந்தி மேல் படுக்க வைத்துவிட்டார். அச்சு மை ஒட்டித் தலைகீழ் எழுத்தாக நிற்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக அது என்ன செய்தி என்று நான் பார்த்ததில்லை. பையன் போட்டோ எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் படித்தான். மார்க்கெட் நிலவரம். மணிலா மூட்டை ஒன்றுக்கு, என்பது வரை தெளிவாக இருந்தது. விலை இருந்த இடத்தை என் பெல்ட் பக்கிள் தேய்த்துவிட்டது.